கருகிய சுருள், சுரண்டிய தோலேடு, மங்கிய ஓலை: வாசகர் கேள்வி–பதில்

பழஞ்சுவடிகளைப் புதுவகைப் படக்கருவிகளின் துணையால் வாசிப்பது குறித்து வாசகர்கள் அனுப்பியிருந்த கேள்விகளுள் சில இம்மாதம் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. ஒரே செய்தியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் அவற்றை ஒரே கேள்வியாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: இத்தாலியில் எரிமலைச் சீற்றத்தில் கரியாகிப்போன ஒரு நூற்சுருளைத் திறக்காமலேயே படித்துவிட்டார்கள் என்று செய்தியில் கண்டேன். கரியில் எழுத்து எப்படி மிஞ்சும்? திறக்காமல் எப்படிப் படிக்க முடியும்?
— முதுகலை மாணவி, திருச்சிராப்பள்ளி

பதில்: செய்தி உண்மைதான். ஆனால் படித்திருப்பது முழுச் சுருளையும் அன்று, அதன் ஒரு சிறு பகுதியை மட்டுமே.

கி.பி. 79ஆம் ஆண்டில் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது, பாம்பேயுடன் ஹெர்குலேனியம் என்ற கடலோர நகரமும் புதையுண்டது. அந்நகரத்துப் பெரிய மாளிகை ஒன்றில் இருந்த நூலகத்தின் சுருள்கள் 1752ஆம் ஆண்டு முதல் தோண்டியெடுக்கப்பட்டன. அவை தீப்பற்றி எரிந்தவை அல்ல. காற்றுப் புகாத நிலையில் கடும் வெப்பம் தாக்கியதால், மூட்டம் போட்ட விறகு வடிவம் கலையாமல் கரியாவது போல அப்படியே கரியாயின. வெப்பம் தாக்காமல் இருந்திருந்தால், இத்தாலியின் ஈரமான மண்ணில் அந்தப் பாப்பிரஸ் (ஒருவகை நாணலின் தண்டிலிருந்து செய்த பழங்கால எழுதுதாள்) நெடுங்காலத்துக்கு முன்பே மட்கிப் போயிருக்கும்.

அவற்றைத் திறக்க எடுத்த முயற்சிகளின் வரலாறு வருத்தம் தருவது. 1753ஆம் ஆண்டில் வத்திக்கானிலிருந்து வந்த அந்தோனியோ பியாஜியோ என்ற பாதிரியார், பட்டுநூல்களால் சுருளின் விளிம்பைத் தாங்கி மெல்ல மெல்லப் பிரிக்கும் ஒரு கருவியை உருவாக்கினார். ஒரு சுருளைப் பிரிக்கவே ஆண்டுக்கணக்கில் ஆனது. பிரிந்தவையும் பல இடங்களில் கிழிந்தன, அடுக்கோடு அடுக்கு ஒட்டிக்கொண்டு வந்தன. அவருக்கு முன் கத்தியாலும், பின்னால் வேதிப்பொருள்களாலும் முயன்றவர்கள் இன்னும் பலவற்றை இழந்தார்கள். அத்தனைக்கும் தப்பி, இன்றளவும் சில நூறு சுருள்கள் திறக்கப்படாமல் இருக்கின்றன.

இப்போதைய முறையின் அடிப்படை, மருத்துவமனையில் நாம் அறிந்த சிடி ஸ்கேன்தான். சுருளைச் சுற்றிச் சுற்றி எக்ஸ்-கதிர்ப் படங்கள் எடுத்து, அவற்றைக் கணினியில் சேர்த்து, சுருளின் உட்புறம் முழுவதையும் ஒரு முப்பரிமாண உருவமாகப் பெறுகிறார்கள். அந்த உருவத்துக்குள் பாப்பிரஸ் அடுக்கு எந்த வழியே வளைந்து செல்கிறது என்று தடம் பிடித்து, அந்த அடுக்கைத் தனியே பிரித்தெடுத்து, திரையில் தட்டையாக விரிக்கிறார்கள். அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரென்ட் சீல்ஸ் இம்முறையைப் பல ஆண்டுகளாக வளர்த்தெடுத்தவர். சாக்கடலின் மேற்குக் கரையில் உள்ள எங்கேடி என்ற ஊரில், எரிந்துபோன பழைய யூதத் தொழுகைக்கூடம் ஒன்றில் 1970ஆம் ஆண்டில் கிடைத்த கரிக்கட்டை போன்ற தோற்சுருள், இம்முறையில்தான் வாசிக்கப்பட்டது. அது எபிரேய வேதத்தின் லேவியராகமம் என்பது தெரியவந்து, 2016ஆம் ஆண்டில் ஆய்வு முழுமையாக வெளியானது.

எங்கேடிச் சுருளில் ஒரு வாய்ப்பு இருந்தது. அதன் மை, எழுதப்பட்ட தோலைவிட அடர்த்தியானதாக இருந்ததால், எக்ஸ்-கதிர்ப் படத்தில் எழுத்துகள் தாமாகவே பளிச்சென்று தெரிந்தன. ஹெர்குலேனியத்தில் அந்த வாய்ப்பு இல்லை. அங்கே மை என்பது புகைக்கரியைப் பிசினில் குழைத்தது. எழுதப்பட்ட பாப்பிரஸும் கரியாகிவிட்டது. கரியின் மேல் கரியால் எழுதிய எழுத்தை எக்ஸ்-கதிர் எளிதில் பிரித்துக் காட்டாது. சிக்கலின் உயிர்நாடி இதுதான்.

அடுத்த திருப்பம் 2023ஆம் ஆண்டில் நேர்ந்தது. ஸ்கேன் தரவுகளைப் பொதுவில் வெளியிட்டு, படித்துக் காட்டுவோருக்குப் பரிசு என்று ‘வெசுவியஸ் சேலஞ்ச்’ என்ற போட்டி அவ்வாண்டு மார்ச் மாதம் அறிவிக்கப்பட்டது. எடுத்துக்கொள்ளப்பட்ட முதன்மைச் சுருள், 1802ஆம் ஆண்டில் நெப்போலியனுக்கு அன்பளிப்பாக அனுப்பப்பட்ட ஆறு சுருள்களில் ஒன்று. இன்று பாரிஸில் உள்ளது. இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் உள்ள ‘டயமண்ட் லைட் சோர்ஸ்’ என்ற, மிகச் செறிவான எக்ஸ்-கதிர்களை உண்டாக்கும் சிங்க்ரோட்ரான் கூடத்தில் அதை ஸ்கேன் செய்திருந்தார்கள். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஏறத்தாழ 125 புள்ளிகள் என்ற அளவுக்கு அந்தப் படம் நுட்பமானது. போட்டியில் கலந்துகொண்ட கேசி ஹாண்ட்மர், விரித்தெடுத்த அடுக்குகளை மணிக்கணக்கில் வெறுங்கண்ணால் உற்றுப் பார்த்து, சில இடங்களில் மேற்பரப்பு நுண்ணிய வெடிப்புகளுடன் தனித்துத் தெரிவதைக் கவனித்தார். மை அடர்த்தியில் வேறுபடாவிட்டாலும், காய்ந்து படிந்த மையின் மேற்பரப்பு இழையோடிய பாப்பிரஸின் மேற்பரப்பிலிருந்து வேறுபட்டிருந்தது. இந்தக் கவனிப்பைப் பற்றிக்கொண்டுதான் லூக் ஃபாரிட்டர் என்ற 21 வயது மாணவர் செயற்கை நுண்ணறிவுக் கணினி மாதிரி ஒன்றைப் பயிற்றுவித்து, ஊதா நிறத்தைக் குறிக்கும் ஒரு கிரேக்கச் சொல்லை அவ்வாண்டு அக்டோபரில் முதன்முதலாக வெளிக்கொணர்ந்தார். 2024 பிப்ரவரியில் அவரும் யூசுஃப் நாடர், ஜூலியன் ஷில்லிகர் ஆகியோரும் சேர்ந்து 2,000க்கும் மேற்பட்ட எழுத்துகளைப் படித்துக் காட்டி, 7,00,000 டாலர் முதற்பரிசைப் பெற்றார்கள். அது அந்தச் சுருளில் ஏறத்தாழ 5 விழுக்காடு. உணவும் இசையும் தரும் இன்பம் எத்தகையது என்று ஆராயும், கிரேக்க மெய்யியலாளர் எப்பிக்யூரஸின் மரபைச் சேர்ந்த ஒரு மெய்யியல் நூல் அது.

கேள்வி: செயற்கை நுண்ணறிவு இல்லாததை இருப்பதாகச் சொல்லும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அந்தச் சுருளில் கணினியே எழுத்துகளைக் கற்பனை செய்துகொள்ளவில்லை என்பதற்கு என்ன உறுதி?
— மென்பொருள் பொறியாளர், கோயம்புத்தூர்

பதில்: இந்த ஐயம் எழாமல் அப்படங்களைப் பார்க்கவே கூடாது என்பேன்.

இங்கே பயன்பட்ட மாதிரிகளுக்குக் கிரேக்க எழுத்துகள் கற்பிக்கப்படவில்லை. ‘இந்தப் புள்ளியில் மை இருக்கிறதா, இல்லையா’ என்ற ஒரே கேள்விக்கு விடை சொல்லவே அவை பயிற்றுவிக்கப்பட்டன. அதற்கான சான்றுகள், முன்பே உடைந்து விழுந்த துண்டுகளில் வெளிப்படையாகத் தெரிந்த மையிலிருந்தும், ஸ்கேனில் மனிதக் கண்ணுக்கு எட்டிய வெடிப்புகளிலிருந்தும் எடுக்கப்பட்டவை. மேலும், மாதிரி ஒரு நேரத்தில் பார்க்கும் சதுரம் ஓர் எழுத்தைவிடச் சிறியதாக வைக்கப்பட்டது. முழு எழுத்தைப் பார்க்கவே முடியாத ஒன்றால் எழுத்து வடிவத்தைப் புனைவது கடினம். சதுரம் சதுரமாக வந்த விடைகளைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கியபோது நேர்வரிசையில் எழுத்துகளும், எழுத்துகள் சேர்ந்து இலக்கணம் பிழையாத தொடர்களும் அமைந்தன என்பதே வலுவான சான்று. வெவ்வேறு குழுவினர் வெவ்வேறு மாதிரிகளால் அதே இடத்தில் அதே எழுத்துகளைப் பெற்றார்கள். அதன் பின்னரே பாப்பிரஸ் அறிஞர் குழு படங்களை ஆராய்ந்து தீர்ப்பளித்தது.

ஆயினும் இவ்வெச்சரிக்கை எப்போதும் தேவை. எழுத்தின் விடுபட்ட கோடுகளை ‘அழகுபடுத்தி’ நிரப்பிக் காட்டும் செயலிகள் இன்று கைப்பேசியிலேயே வந்துவிட்டன. அவை காட்டுவதை ஒரு பாடமாகக் கொண்டு யாரும் பதிப்பிக்கத் துணியக் கூடாது. மூலத் தரவும், அதிலிருந்து படத்தைப் பெற்ற வழியும் வெளிப்படையாக இல்லாத எந்த வாசிப்பையும் நான் ஏற்பதில்லை.

கேள்வி: ஆர்க்கிமிடீஸின் நூலை அழித்து அதன் மேல் பிரார்த்தனை நூல் எழுதியிருந்தார்கள் என்றும், அழித்ததையே திரும்பப் படித்துவிட்டார்கள் என்றும் கேள்விப்பட்டேன். சுரண்டி எடுத்த எழுத்து எங்கே ஒளிந்திருந்தது?
— தமிழாசிரியர், பாளையங்கோட்டை

பதில்: மை மேற்பரப்பில் மட்டும் நிற்பதில்லை என்பதே விடை. கான்ஸ்டான்டினோபிளில் 10ஆம் நூற்றாண்டில் ஆர்க்கிமிடீஸின் நூல்களைப் படியெடுத்தவர் எழுதியது விலங்குத் தோலில். அவர் பயன்படுத்திய மை, மாசிக்காயையும் அன்னபேதியையும் கலந்து செய்யும் வகையைச் சேர்ந்தது. அன்னபேதி இரும்பின் உப்பு. ஆகவே அந்த மை தோலுக்குள் ஊறி இறங்கி, இரும்பை அங்கே விட்டுவைக்கிறது. 1229ஆம் ஆண்டில், தோல் கிடைப்பது அரிதாக இருந்த காலத்தில், ஒருவர் அந்த ஏடுகளைக் கழுவிச் சுரண்டி, நடுவே வெட்டி, கால் வட்டம் திருப்பி, மடித்து, அவற்றில் பிரார்த்தனைகளை எழுதினார். எனவே இன்று அந்நூலைக் கையில் எடுத்தால், பிரார்த்தனை வரிகள் இடமிருந்து வலமாகவும், அவற்றின் அடியில் ஆர்க்கிமிடீஸின் வரிகள் மேலிருந்து கீழாகவும் ஓடும். பல வரிகள் நூலின் முதுகுக்கட்டுக்குள் போய் மறையும்.

1906ஆம் ஆண்டில் ஹைபெர்க் என்ற டேனிஷ் அறிஞர் கான்ஸ்டான்டினோபிளுக்குச் சென்று, உருப்பெருக்கிக் கண்ணாடியை மட்டும் துணையாகக் கொண்டு, இந்நூலின் பெரும்பகுதியைப் படித்துப் பதிப்பித்தார். அதன் பின்னர் நூல் பொதுப் பார்வையிலிருந்து மறைந்து, பூஞ்சை பிடித்து, 1998ஆம் ஆண்டில் நியூயார்க் ஏலத்தில் 20 லட்சம் டாலருக்கு விலைபோனது. வாங்கியவர் தம் பெயரை வெளியிடாமல், ஆய்வுக்காக அதை பால்டிமோர் நகரத்து வால்டர்ஸ் கலை அருங்காட்சியகத்தில் ஒப்படைத்தார்.

அங்கே ரோஜர் ஈஸ்டன், கீத் நாக்ஸ், வில்லியம் கிறிஸ்டென்ஸ்-பேரி ஆகியோர் கையாண்ட முறை பல அலைநீளப் படமெடுப்பு. ஒரே ஏட்டை அசைக்காமல் வைத்துப் புற ஊதா ஒளியில் ஒரு படம், நீலத்தில் ஒன்று, சிவப்பில் ஒன்று என்று வரிசையாக எடுக்கிறார்கள். புற ஊதா ஒளி பட்டால் தோல் மெல்லிய நீல ஒளியை உமிழும். மை ஊறிய இடம் மட்டும் உமிழாமல் இருண்டு நிற்கும். ஆகவே அப்படத்தில் ஆர்க்கிமிடீஸின் எழுத்தும் பிரார்த்தனை எழுத்தும் இரண்டுமே கருமையாகத் தெரியும். சிவப்பு ஒளியிலோ, மங்கிய ஆர்க்கிமிடீஸ் எழுத்து ஏறத்தாழ மறைந்துவிடும். பிரார்த்தனை எழுத்து மட்டும் கருமையாக நிற்கும். இவ்விரு படங்களையும் ஒரே வண்ணப் படத்தின் வெவ்வேறு நிறப் பகுதிகளாகப் பொருத்தினால், இரண்டிலும் கருமையாக இருந்த பிரார்த்தனை கருமையாகவே இருக்க, ஒன்றில் மட்டும் கருமையாக இருந்த ஆர்க்கிமிடீஸ் எழுத்து சிவப்பாக எழுந்து வருகிறது. இத்தனை எளிய கணக்கு, கருவியின் விலையைவிட அறிவின் வலிமையைக் காட்டுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

சில ஏடுகளில் இதுவும் பலிக்கவில்லை. நூலின் மதிப்பைக் கூட்ட எண்ணி, 20ஆம் நூற்றாண்டில் யாரோ நான்கு ஏடுகளின் மேல் பழமையானவை போன்ற போலி ஓவியங்களைப் பொன்னிறத்தோடு தீட்டியிருந்தார்கள். வண்ணத்தை ஊடுருவிப் பார்க்க ஒளியால் இயலவில்லை. அதனால் கலிபோர்னியாவில் உள்ள ஸ்டான்ஃபோர்டு சிங்க்ரோட்ரான் கூடத்துக்கு அவ்வேடுகளைக் கொண்டுசென்று, ஊசிமுனை போன்ற எக்ஸ்-கதிர்க்கற்றையை ஏட்டின் மேல் வரிவரியாக நகர்த்தினார்கள். கதிர் பட்டதும் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் கதிரை வெளிவிடும். அவற்றில் இரும்புக்கு உரியதை மட்டும் பிரித்து வரைந்தபோது, ஓவியத்துக்கு அடியில் இருந்த எழுத்து இரும்பின் வரைபடமாகத் துலங்கியது. வேறெங்கும் கிரேக்க மூலம் கிடைக்காத ‘இயக்கவியல் தேற்றங்களின் முறை’ என்ற நூலும், மிதக்கும் பொருள்கள் பற்றிய நூலின் கிரேக்க வடிவமும் இச்சுவடியில்தான் உள்ளன. உடன் கட்டப்பட்டிருந்த வேறு ஏடுகளில், ஏதென்ஸின் சொற்பொழிவாளர் ஹைப்பரைடீஸின் உரைப்பகுதிகளும், அரிஸ்டாட்டிலின் நூலுக்கு எழுதிய ஒரு பழைய உரையும் இருந்தது புதிதாகத் தெரியவந்தது.

கேள்வி: எங்கள் வீட்டுப் பரணில் பாட்டனார் காலத்து ஓலைச்சுவடிக் கட்டு ஒன்று இருக்கிறது. எழுத்து மங்கி ஒன்றும் புலப்படவில்லை. கைப்பேசியில் படமெடுத்துப் படிக்க இயலுமா? எண்ணெய் தடவினால் தெளியும் என்கிறார்கள், தடவலாமா?
— ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், கும்பகோணம்

பதில்: ஐயா, தயவுசெய்து படமெடுத்து முடிக்கும் வரை எதையும் தடவாதீர்கள். மேலே சொன்ன சுருளிலும் தோலேட்டிலும் மையைத் தேடினார்கள். உங்கள் ஓலையில் தேட வேண்டியது கீறலை. எழுத்தாணி ஓலையின் மேற்தோலைக் கீறிய பள்ளமே எழுத்து; விளக்குக்கரியை இலைச்சாற்றில் குழைத்துப் பூசியது அப்பள்ளம் கண்ணுக்குத் தெரிவதற்காக மட்டுமே. மை உதிர்ந்துபோனாலும் பள்ளம் இருக்கும். பள்ளத்தைக் காட்டுவது நிழல். நிழலைத் தருவது சாய்ந்து விழும் ஒளி.

எனவே நேர் மேலிருந்து ஒளி பாய்ச்சாதீர்கள். கைப்பேசியின் ஃபிளாஷ் ஓலையின் பளபளப்பில் பட்டுத் தெறித்து, உள்ள எழுத்தையும் மறைத்துவிடும். அறையைச் சற்று இருட்டாக்கி, கருமையான பருத்தித் துணியின் மேல் ஓலையை வைத்து, கைப்பேசியை ஒரு தாங்கியில் அசையாமல் பொருத்துங்கள். சிறு டார்ச் விளக்கை ஓலையின் தளத்தை ஒட்டினாற்போலத் தாழ்வாகப் பிடித்து, இடப்புறமிருந்து ஒரு படம், வலப்புறமிருந்து ஒன்று, ஓலையின் மேல் விளிம்புப் பக்கமிருந்தும் கீழ் விளிம்புப் பக்கமிருந்தும் ஒவ்வொன்று என எடுங்கள். ஒரே திசையில் எடுத்தால் போதாதா என்று கேட்கலாம். ஒளி வரும் திசையிலேயே ஓடும் கோட்டுக்கு நிழல் விழாது. தமிழ் எழுத்தின் கிடைக்கோடுகள் பக்க ஒளியில் காணாமல் போகும், மேல் விளிம்பிலிருந்து சாய்ந்து வரும் ஒளியில் எழுந்துவரும்.

இதையே கணினியின் துணையோடு முறைப்படுத்தியதை 2001ஆம் ஆண்டில் டாம் மால்ஸ்பெண்டர் என்ற ஆய்வாளர் அறிமுகப்படுத்தினார். கேமராவை நிலையாக வைத்து, விளக்கை மட்டும் பல்வேறு கோணங்களில் நகர்த்திப் பல படங்கள் எடுத்தால், ஒவ்வொரு புள்ளியிலும் மேற்பரப்பு எப்பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைக் கணினி கணக்கிட்டுவிடும். பின்னர் திரையிலேயே ஒளியை விரும்பிய பக்கம் திருப்பிப் பார்க்கலாம். களிமண் பலகைகளுக்கும் தேய்ந்த கல்வெட்டுகளுக்கும் கைகொடுக்கும் இம்முறை ஓலைக்கும் நன்கு பொருந்தும். ஓலை பழுப்பேறி இருண்டு, மை மட்டும் தங்கியிருக்கும் இடத்தில் அகச்சிவப்பு ஒளி உதவும். கரி அவ்வொளியில் கருமையாகவே நிற்க, இருண்ட பின்னணி வெளுத்துக் காட்டும். சாக்கடல் கரைக் குகைகளில் கிடைத்த பழைய யூதச் சுவடிகளான சாக்கடல் சுருள்களின் கருத்த தோலை 1950களிலேயே அகச்சிவப்புப் படச்சுருளால் வாசித்தது இக்காரணம் பற்றியே. வீட்டுக் கைப்பேசியால் அதைச் செய்ய இயலாது.

கட்டைப் பிரிக்கும் முன் கட்டாகவே ஒரு படம் எடுங்கள். கட்டின் மேலும் கீழும் வைத்த சட்டப்பலகையில் எழுத்திருந்தால் அதையும் எடுங்கள். கயிறு இற்றுப் போயிருந்தால் இழுக்காமல் அறுத்துவிடுவது நல்லது, ஏனெனில் இழுக்கும் கயிறு துளையைக் கிழிக்கும். நாராசம் (துளையில் கோத்த இரும்புக் கம்பி) துருவேறி ஓலையோடு பிடித்திருந்தாலோ, ஓலைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தாலோ அங்கேயே நிறுத்திவிடுங்கள். வரிசை குலையாமல், ஒவ்வோர் ஓலையையும் முன்பின் இரு பக்கமும், ஓர் அளவுகோலை அருகில் வைத்து எடுக்க வேண்டும். இடப்புற ஓரத்தில் தமிழ் எண்ணில் ஏட்டெண் இருக்கும்; அது படத்திலிருந்து விடுபடக் கூடாது. புல்தைலம் பூசுவது சுவடி நூலகங்களில் உள்ள வழக்கம்தான்; ஆனால் எந்த ஓலைக்கு எவ்வளவு என்பதைத் தேர்ந்தவர்கள் பார்த்துச் செய்ய வேண்டும். கரி பூசினாலோ, அது எழுத்தில் மட்டுமன்றிப் பூச்சியரித்த தடத்திலும் கீறலிலும் போய் நிரம்பும். ஒருமுறை நிரம்பினால் பிரித்தறிவது அரிது.

படம் தெளிவாக வந்த பிறகுதான் வாசிப்பு தொடங்குகிறது. ஓலையில் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. காலும் ரகரமும் ஒரே வடிவில் இருக்கும். எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு காட்டுவதில்லை. பகரம், ஒரு கால், லகரம் என்று கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவது பால் ஆகலாம், பரல் ஆகலாம், பால என்று தொடங்கும் வேறொன்றும் ஆகலாம். இதைத் தீர்ப்பது யாப்பும் பொருளும் அறிந்த புலமைதான். தங்களுக்கு அருகிலேயே தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகமும் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஓலைச்சுவடித் துறையும் உள்ளன. படங்களை எடுத்துச் சென்று காட்டுங்கள். அது மருத்துவமா, கணக்கா, நாட்டுப்புறக் கதைப்பாடலா என்பதை அவர்கள் பார்த்த அளவில் சொல்லக்கூடும். வீட்டுக்கணக்காகவே இருந்தாலும் எறிந்துவிடாதீர்கள். ஒரு காலத்து விலைவாசியும் அளவைகளும் வேறெங்கும் எழுதப்பட்டிராது.

கேள்வி: எல்லாவற்றையும் உயர்தரப் படமாக எடுத்துவிட்டால், இடத்தை அடைக்கும் மூலச்சுவடிகளை ஏன் காக்க வேண்டும்?
— கல்லூரி நூலகர், மதுரை

பதில்: மீண்டும் ஆர்க்கிமிடீஸ் சுவடிக்கே வருகிறேன். ஹைபெர்க் 1906ஆம் ஆண்டில் தாம் படித்ததோடு நில்லாமல் ஏடுகளைப் புகைப்படமும் எடுக்கச் செய்திருந்தார். அப்படங்கள் கோபன்ஹேகனில் காக்கப்பட்டுள்ளன. போலி ஓவியம் தீட்டப்படுவதற்கு முன் அந்த ஏடுகள் எப்படி இருந்தன என்பதையும், பின்னாளில் காணாமற்போன ஏடுகளில் என்ன இருந்தது என்பதையும் இன்று சொல்பவை அப்படங்களே. படம் எடுத்ததால் தப்பியது அது. ஆனால் அப்படங்களை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை எரித்திருந்தால், முதுகுக்கட்டுக்குள் மறைந்த வரிகளும், ஹைப்பரைடீஸின் உரையும், இரும்பின் வரைபடமும் கிடைத்திருக்க மாட்டா. அன்றைய கேமரா அன்று கேட்கத் தெரிந்த கேள்விக்கு மட்டுமே விடை பதிந்திருந்தது. 1750களில் திறந்து பார்க்கும் பொறுமையின்மையால் சிதைந்த சுருள்களும், யாரும் தொடாமல் அலமாரியில் கிடந்ததால் இன்று வாசிக்கப்படும் சுருள்களும் இதையே சொல்கின்றன.

மற்றொன்று, நம் நாட்டில் நடைமுறையில் நான் காணும் குறை. ‘மின்னுருவாக்கம் முடிந்தது’ என்று எண்ணிக்கை காட்டப்படும் பல படங்கள், நேரொளியில் விரைந்து எடுக்கப்பட்டவை. மையுள்ள ஓலைக்கு அது போதும். மை உதிர்ந்த ஓலைக்கு அது வெறும் ஓலையின் படம்தான். தங்கள் நூலகத்தில் அத்தகைய படங்கள் இருந்தால், வாசிக்க இயலாத ஏடுகளை மட்டுமேனும் தனியே பட்டியலிட்டு, சாய்வொளியில் மறுபடி எடுக்க ஏற்பாடு செய்யுங்கள்.

கேள்வி: இப்படங்களைப் பொதுமக்கள் எங்கே பார்க்கலாம்?
— வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: ஆர்க்கிமிடீஸ் சுவடியின் எல்லாப் படங்களும், செயலாக்கத்துக்கு முந்தைய தரவு உட்பட, 2008ஆம் ஆண்டு முதல் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. சாக்கடல் சுருள்களின் பல அலைநீளப் படங்கள் இஸ்ரேல் தொல்பொருள் துறையின் லியோன் லெவி மின்நூலகத்தில் 2012ஆம் ஆண்டு முதல் உள்ளன. ஹெர்குலேனியம் ஸ்கேன் தரவுகளும் பொதுவில் உள்ளன. அளவு மிகப் பெரியது என்பதால் முழுவதையும் இறக்க முயலாமல் சிறு பகுதிகளை எடுத்துப் பார்ப்பது நல்லது. ஓலைச்சுவடிகளைப் பொறுத்தவரை, யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் 2005ஆம் ஆண்டில் இடம்பெற்ற புதுச்சேரிச் சைவச் சுவடித் தொகுப்பைப் பற்றிப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தை அணுகிக் கேட்கலாம்.